உசாத்துணை

ஆராய்ச்சிக் கட்டுரைகளின் இறுதிப் பக்கத்திலே, எடுத்தாண்ட நூல்களின் பட்டியலுக்கு மேலே, 'உசாத்துணை' என்று தலைப்பிடும் வழக்கம் ஈழத்துத் தமிழிலே பெருவழக்காய் உள்ளது. நம்மவர் இட்ட பெயர் அழகிய பெயர்தான். ஆயினும் அச்சொல் பிறந்த இடம் நூலகம் அன்று. உசாவுதல் என்பது கேட்டல், வினவல், கலந்தெண்ணல். மனத்திலுள்ளதைத் திறந்து சொல்லிக் கலந்தெண்ணுதற்குரிய துணை எவரோ அவரே உசாத்துணை. தொல்காப்பியர் களவியலிலே தோழிக்கு இலக்கணம் கூறுமிடத்து, அவள் செவிலியின் மகள் என்றும், தலைவியோடு கூடி ஆராய்தலும் அவளுக்கு உசாத்துணையாய் அமைதலுமே அவளது பொலிவு என்றும் சொல்லிப்போந்தார்.

பல்கலைக்கழகம் புகும் நம் மலையகப் பிள்ளைகள் கட்டுரையின் கடைசிப் பக்கத்திலே இச்சொல்லை எழுதக் கற்றுவிடுகின்றனர். அதன் பழம்பொருளிலே ஒருவரைத் தேடிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் அவர்க்கு எவரும் சொல்லி அனுப்புவதில்லை. அங்கே சென்றபின் உள்ளம் சோர்ந்து, உணவும் உறக்கமும் நீங்கி, படிப்பைப் பாதியிலே விட்டு மீளும் பிள்ளைகளைப்பற்றித் தோட்டங்களிலே தாழ்ந்த குரலிற் பேசிக்கொள்கின்றனர். அதனைச் சிறிது உரக்கப் பேசலாம் என்றே இதனை எழுதுகின்றேன்.

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகி, வெட்டுப்புள்ளியும் அறிவிக்கப்பட்டபின், ஒரு தோட்டத்துப் பிள்ளைக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்துவிட்டது என்ற செய்தி வருமாயின், அஃது ஒரு குடும்பத்துச் செய்தியாக நில்லாது. மாரியம்மன் கோயிலிலே பூசை நடைபெறும். சந்தியிலே பிள்ளையின் படம் பொறித்த பதாகை தொங்கும். கொழுந்து நிறுக்கும் இடத்திலே தாயின் பெயரை அன்று எல்லாரும் மரியாதையோடு சொல்வர். இம்மகிழ்ச்சி மிகையென்று சொல்வார் நம் வரலாற்றை அறியாதவர். 1945இலே இலவசக் கல்வி நாட்டிற்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வட்டத்திற்குப் புறத்தே நின்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம் நம் முன்னோருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1952இலே மகாவலிக் கரையிலே, பேராதனையிலே, இலங்கைப் பல்கலைக்கழகம் எழில்மிகு மாளிகைகளோடு குடிபுகுந்தது. ஹற்றனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாக ஏறத்தாழ நாற்பது கல் தொலைவே ஆயினும், அவ்விடம் லயத்துப் பிள்ளைக்கு இலண்டனைப் போலத் தூரமாயிருந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். எஞ்சி நின்றோரின் குடியுரிமைக்கு வழிசெய்த சட்டம் வந்தது 2003இலே. ஆகவே பதாகையில் உள்ளது ஒரு பிள்ளையின் முகமாயினும், அதனை நோக்குவன மூன்று தலைமுறைக் கண்கள்.

அக்கண்களின் பாரத்தையும் துணிப்பையோடு தூக்கிக்கொண்டே பிள்ளை பேருந்து ஏறுகின்றது. தாயின் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும். 2024இலே தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1350 ரூபாயென நிர்ணயிக்கப்பட்டதே பெருஞ்செய்தியாயிற்று. குறித்த நிறைக்குக் கொழுந்து சேராத நாளிலே 'அரைப் பேர்' போட்டுவிடுவர் என்பது தோட்டத்தார் யாவரும் அறிந்தது. மகாபொலப் புலமைப்பரிசில் கைக்கு வரும்வரை அந்தப் பேரும் அரைப் பேருமே விடுதிக் கட்டணமும் சோற்றுக் காசும். மாலைதோறும் தாய் தொலைபேசியில் அழைக்கின்றாள். "சாப்பிட்டியா, தம்பி?" என்கின்றாள். "சாப்பிட்டேம்மா." "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." இவ்விரண்டு விடைகளும் சில கிழமைகளில் நாவிற்குப் பழகிவிடுகின்றன, அவற்றை உண்மையென்று நம்புதற்குத் தாய்க்கும் பழகிவிடுகின்றது.

உள்ளே நிகழ்வது யாது? மெய்ப்பாட்டியலிலே அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்லப்பட்டுள்ளன. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன அவை. பண்டித வகுப்பிலே நாங்கள் பொருளுணர்ந்தும் உணராமலும் மனனஞ் செய்த பகுதி இது. வறுமையைச் சொல்லியாயிற்று. இழவு என்பது உற்றாரையும் உடைமையையும் இழத்தல். ஒரு காம்பராவிலே அறுவர் படுத்துறங்கிய பிள்ளைக்கு அந்நெருக்கமே ஒரு காவலாய் இருந்தது என்பது, அதனை விட்டுப் போன பின்னரே தெரிகின்றது. இளிவு என்பது பிறரால் இகழப்படுதல். பகிடிவதை என்ற பெயரிலே புதுமுகங்களை வருத்தும் கொடுமை நம் பல்கலைக்கழகங்களை நெடுங்காலம் பற்றியிருக்கின்றது. 1997இலே பேராதனை மாணவர் ஒருவரின் மரணம் நாட்டையே உலுக்கியது. 1998இலே 20ஆம் இலக்கச் சட்டம் அக்கொடுமையைக் குற்றமாக்கிற்று. சட்டம் தொடாத இளிவும் உண்டு. 'தோட்டக்காட்டான்' என்ற ஒரு சொல் போதும். அச்சொல்லைச் சொல்வார் தமிழ் பேசாதவர் என்று எண்ணிவிட வேண்டா. நம்மொழி பேசும் நாவிலிருந்தே அது வருகின்றது. அதனாலேயே அதிகம் சுடுகின்றது.

ஆயினும் நான்கினுள்ளும் அசைவு என்பதையே யான் பெரிதும் எண்ணிப் பார்ப்பதுண்டு. முன்னிருந்த நன்னிலை கெட்டு வேறொரு நிலையிலே நின்று வருந்துதல் என்னும் கருத்துப்பட உரைகாரர் இதனை விளக்குவர். பெரியதோர் உளநூற் பேருண்மையை ஒரு சிறு சொல்லுக்குள் அடக்கிவிட்டார்கள். தன் பாடசாலையிலே முதல் மாணவனாய் இருந்தவன், ஆசிரியர் இல்லாத நாளிலே கீழ்வகுப்புக்குப் பாடம் எடுத்தவன், விரிவுரை மண்டபத்திலே சென்று அமர்கின்றான். அங்கிருப்போர் அனைவரும் தத்தம் பாடசாலையில் முதல்வர்களே. விரிவுரை ஆங்கிலத்திலே ஓடுகின்றது. ஆய்வுகூடத்திலே, இவன் புத்தகப் படத்திலே மட்டும் கண்ட கருவியை அடுத்திருப்பவன் எடுத்து இயல்பாய்த் திருகுகின்றான். கலைப்பீடத்திலே தமிழிற் படிப்பவனுக்கும் படிக்கவேண்டிய நூல் ஆங்கிலத்திலேதான் இருக்கின்றது. நுவரெலியாவைப் போலக் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு ஒதுக்கீட்டு முறை உண்டு. அது நியாயமான முறை. அதனைச் சுட்டி, 'நீ குறைந்த புள்ளியிலே வந்தவன்தானே' என்று ஒருவன் சிரித்துவிட்டால், மறுமொழி சொல்ல வாய் எழுவதில்லை. முதற் பரீட்சையிலே ஒரு பாடம் தவறுகின்றது. வாழ்நாளிலே அதற்குமுன் அவன் தவறியதே இல்லை.

இந்த அசைவை ஊரார் காணார். சந்தியிலே பதாகை மழையில் நனைந்து இன்னும் தொங்கிக்கொண்டிருக்கின்றது. அவன் தன் துயரைச் சொன்னால், எல்லாரும் தனக்காகச் செய்த தியாகத்தைப் பழித்தவன் ஆகிவிடுவானோ என்று அஞ்சுகின்றான். 'உனக்கு என்ன குறை?' என்ற கேள்விக்கு விடை இல்லாமையே ஒரு குறையாய் வந்து சேர்கின்றது.

துயரம் எல்லாம் நோயாகிவிடாது. வீட்டை நினைத்து அழுவதும், பரீட்சைக்குமுன் கலங்குவதும் மனித இயற்கை; நாலு நாளில் நண்பர் சேர்ந்தால் தேறிவிடும். மனச்சோர்வு என்று மருத்துவர் கூறும் நோய் வேறு. நாளின் பெரும்பொழுதும் மனம் இருண்டிருத்தல், முன்பு விரும்பிய எதிலும் விருப்பம் அற்றுப்போதல், உறக்கம் கெடுதல் அல்லது ஓயாது உறங்குதல், பசி மாறுதல், படித்த வரியையே மீண்டும் மீண்டும் படித்தும் பொருள் ஏறாமை, தான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணம், வாழ்வு வேண்டா என்னும் எண்ணம்: இவற்றுள் பல ஒருங்கு கூடி, இரண்டு கிழமைகளுக்குக் குறையாமல் நீடிக்குமாயின் மருத்துவரைக் காணவேண்டும் என்பது உலகெங்கும் ஒப்புக்கொண்ட அளவு. நம்மவரிடத்து இந்நோய் பெரும்பாலும் உடம்பின் மொழியிலேயே பேசுகின்றது. 'நெஞ்சு பாரமா இருக்கு', 'தலை கனக்குது', 'உடம்பெல்லாம் அசதி' என்பர். உள்ளத்தை மெய்யிலே கண்டறிவதற்குத்தான் மெய்ப்பாடு என்றே பெயரிட்டார்கள் போலும்.

இது படிப்பாளிகளைத் தேடிப் பற்றும் நோய் என்ற எண்ணம் மேனாட்டாருக்கும் பழையது. ஒக்ஸ்போர்டுக் கல்லூரியிலே வாழ்நாளைக் கழித்த ராபர்ட் பேர்ட்டன் என்னும் அறிஞர் 1621இலே உளச்சோர்வைப்பற்றி மாபெரும் நூலொன்றை வெளியிட்டார். தம்மையும் அந்நோய் வாட்டியதை மறைத்தாரல்லர். அந்நூலிலே கல்விமான்களின் அவலத்திற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கின்றார். ஆயினும் பல்கலைக்கழகங்கள் இதற்கென ஒரு மருத்துவரை அமர்த்த நெடுங்காலம் சென்றது. அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 1910இலே அவ்வாறு ஓர் ஏற்பாடு செய்ததையே முன்னோடியாகக் கூறுவர்.

நம் நாட்டு நிலை என்ன? பல்கலைக்கழகங்களிலே விரிவுரையாளருட் சிலர் மாணவர் ஆலோசகராக நியமிக்கப்படுகின்றனர். சுகாதார நிலையம் உண்டு. விடுதிப் பொறுப்பாளர் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாணவர் பலர் ஆலோசகரை ஒழுங்கு விசாரணையோடு சேர்த்தே எண்ணுகின்றனர். அவர் அறைக்குச் செல்வதைக் குற்றவாளி செல்வதுபோல நினைக்கின்றனர். பல்கலைக்கழகத்திற்கு வெளியே, அரசாங்கப் பெரிய வைத்தியசாலைகளின் மனநலக் கிளினிக்குகளிலே பணமின்றிச் சிகிச்சை பெறலாம். பேராதனை மாணவனுக்கு அவ்வூர்ப் போதனா வைத்தியசாலை கூப்பிடு தூரம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணும், 1333 என்னும் ஆலோசனை எண்ணும் உள்ளன, தமிழிலே பேசலாம். பெயர் சொல்லவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தொலைபேசியில் முகமறியாதாரோடு பேசி என்ன ஆகப்போகின்றது என்று கேட்பாருக்கு ஒரு செய்தி. இங்கிலாந்திலே சாட் வாரா என்னும் பாதிரியார், 1935இலே தம் ஊழியத்தின் தொடக்கத்தில், பதினான்கு வயதுப் பெண்ணொருத்தியை அடக்கஞ் செய்ய நேர்ந்தது. தான் பூப்பெய்தியதைப் பெருநோயென்று எண்ணி அஞ்சி, கேட்பதற்கு ஒருவருமின்றி, தன்னுயிரை மாய்த்துக்கொண்டவள் அவள். ஒரு தாயோ தமக்கையோ இரண்டு சொற் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள். அது அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1953இலே இலண்டனிலே தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு, வாழ்வை வெறுத்தவர் எவரும் பேசலாம் என்று அறிவித்தார். அங்கே ஒரு விந்தையைக் கண்டார். தம்மோடு பேசுவதற்காகக் காத்திருந்தோர், அவர்க்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த சாதாரணத் தொண்டர்களோடு பேசியே ஆறுதல் பெற்றுத் திரும்பினர். அவ்வியக்கத்தின் வழியிலேயே நம் நாட்டிலே 1974இலே சுமித்ரயோ தோன்றிற்று. தற்கொலை முயற்சி இங்கிலாந்திலே 1961வரையும், இலங்கையிலே 1998வரையும் சட்டப்படி குற்றமாயிருந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். சட்டம் மாறிவிட்டது, 'பொலிசுக்குத் தெரிந்தால் வம்பு' என்ற அச்சம் லயங்களிலே இன்றும் மாறவில்லை.

அச்சங்கள் வேறும் உண்டு. மனநல மருத்துவர் என்றாலே 'அங்கொடை' என்று ஏளனஞ் செய்யும் வாய் நம்மிடம் இருக்கின்றது. தங்கைக்கு வரன் அமையாதே என்று தாய் அஞ்சுவாள். இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தோ உணராமலோ நம் நாட்டுத் தமிழறிஞர் நல்லதொரு சொல்லை ஆக்கித் தந்திருக்கின்றனர். ஆங்கிலத்திலே கவுன்சிலிங் எனப்படுவதற்கு 'உளவளத்துணை' என்று பெயரிட்டனர். நோய் என்ற சொல்லே அதில் இல்லை. உளத்தின் வளம் இருக்கின்றது. அதற்கொரு துணை இருக்கின்றது. கலைச்சொல்லாக்கத்திலே குறைகாணும் பழக்கமுடைய யானும் இதிலே குறைகாண மாட்டேன்.

இத்தனை வாயில்கள் இருந்தும் பிள்ளை எந்த வாயிலையும் தட்டுவதில்லை என்பதே வருத்தம். தட்டுவதற்கு வேண்டிய வலிமையைத்தான் இந்நோய் முதலிலே பறித்துக்கொள்கின்றது. காலொடிந்தவனைப் பார்த்து, வைத்தியசாலைக்கு நடந்து போ என்பது போன்றது, மனஞ் சோர்ந்தவனைப் பார்த்து உதவியைத் தேடிக்கொள் என்பது. வேறொருவர் கைப்பிடித்துக் கொண்டுசெல்ல வேண்டும். அவர் யார்? இங்கேதான் தோழியிடம் வருகின்றேன்.

குறிஞ்சி நிலத்துத் தலைவி காதலால் மெலிகின்றாள். உணவு செல்லவில்லை, வளை கழல்கின்றது. தாய் கலங்கி, கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கின்றாள். முருகன் அணங்கினான் என்று சொல்லக் கேட்டு, வேலனை வருவித்து வெறியாட்டு எடுக்கின்றாள். சங்கப் பாடல்களிலே பலகால் வரும் காட்சி இது. மகளின் உடம்பு சொல்வதைத் தாய் கண்டாள், உள்ளத்தை அறிந்திலள். அறிந்தவள் தோழி ஒருத்தியே. அவள் இதுவரை மறைபொருளைக் காத்தாள். காப்பதே அவள் கடன். தலைவியின் உயிர்க்கும் வாழ்வுக்கும் இறுதி நேரும் என்று கண்டவிடத்து, அம்மறைபொருளை உரியவர்க்கு எடுத்துரைத்துவிடுகின்றாள். அதற்கு நம் முன்னோர் இட்ட பெயர் 'அறத்தொடு நிற்றல்'. காட்டிக்கொடுத்தல் என்று சொல்லவில்லை என்பதை உற்று நோக்குக.

நம் மலைகளிலும் இந்நாடகம் நடக்கின்றது; வேலனுக்கு ஈடாகக் கோடாங்கி வருகின்றான். என்னிடம் படித்த பிள்ளை ஒருவனின் வீட்டிலே சில ஆண்டுகளுக்குமுன் நிகழ்ந்ததை, ஆளும் இடமும் விளங்காவகை சொல்கின்றேன். அவன் ஒரு பல்கலைக்கழகத்திலே இரண்டாம் ஆண்டு மாணவன். தவணை நடுவிலே, விடுமுறை என்று சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டான். வந்தவன் சுவர்ப்பக்கம் முகம் திருப்பிப் படுத்தவன்தான். தாய் தோட்டத்து மருந்தகத்துக்கு அழைத்துப் போனாள். தலைவலிக்கு மாத்திரை கிடைத்தது. பின்பு உடுக்கோடு கோடாங்கி வந்தான். ஆற்றங்கரையிலே உச்சிவேளையில் ஒன்று தொடர்ந்து வந்துவிட்டது என்றான். கோடாங்கியை ஏளனஞ் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மூன்று மணி நேரம் அக்குடும்பத்தோடு அமர்ந்து, 'எப்போதிருந்து? என்ன கனவு கண்டாய்? யாரோடு பகை?' என்று கேட்டவன் அவன் ஒருவனே. உசாவினான், விடையைத்தான் தவறாகக் கண்டான்.

அவ்வாரத்திலே எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. அப்பிள்ளையோடு விடுதியிலே ஓரறையிலிருந்த மட்டக்களப்புப் பையன் பேசினான். "சேர், ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிக் குடுத்திட்டன். நாலு நாளா நித்திரை வரல்ல" என்று தொடங்கினான். நண்பன் புறப்படுமுன் தன் புத்தகங்களையும் கணிப்பானையும் இவனுக்கே கொடுத்துவிட்டானாம். இனி இவை தனக்கு வேண்டியதில்லை என்றானாம். அதற்குமுன் இரவுகளிலே அவன் பேசிய பேச்சுக்களையும் சொன்னான். சொல்லிவிட்டு அழுதான். தான் நண்பனுக்குத் துரோகம் செய்துவிட்டதாகவே அவன் எண்ணியிருந்தான். அவனுக்குத் தொல்காப்பியம் சொல்ல அது நேரமன்று. நீ செய்ததே சரி என்று மட்டும் சொன்னேன்.

அன்று மாலையே லயத்துக்குச் சென்று, இஸ்தோப்பிலே அவனருகில் அமர்ந்தேன். தாய், "சேர், புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. சோத்தத் தொட மாட்டேங்குறான்" என்று தேம்பினாள். அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, சாகவேண்டும் என்ற எண்ணம் வருகின்றதா என்று அவனை நேரே கேட்டேன். இவ்வாறு கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகும் என்று பலர் அஞ்சுவர். அந்த அச்சத்திற்கு ஆதாரமில்லை என்றும், வெளிப்படையாகக் கேட்பது மனப்பாரத்தை இறக்கவே உதவும் என்றும் மருத்துவர் தெளிவாகக் கூறுகின்றனர். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "ஆமாங்க சேர்" என்றான். அவ்விரவு அண்ணன் அவனருகிலேயே படுத்துக்கொண்டான். விடிந்ததும் நால்வருமாய்ப் பேருந்து ஏறினோம்.

வைத்தியசாலையிலே எங்களைப் பார்த்தவர் சிங்களப் பெண்மணி, இளைய வைத்தியர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசினார். "எத்தன நாள் சந்தோசம் இல்ல?" என்று கேட்டார். எழுவாயும் பயனிலையும் பார்ப்பது என் பிழைப்பு. அன்று அது தோன்றவில்லை. அத்தனை மாதங்களாய் எவரும் கேளாத கேள்வியை அவர் கேட்டார், பிள்ளை வாய்திறந்தான். சில நாள் விடுதியிலே தங்கவைத்தனர், மாத்திரை கொடுத்தனர், கிழமைக்கொருமுறை உளவளத்துணையாளரோடு பேச ஏற்பாடாயிற்று. மாத்திரை குடித்த மறுநாளே குணம் தெரியாது, சில கிழமை செல்லும், இடையிலே தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று வைத்தியர் தாயிடம் இரண்டுமுறை சொன்னார். இரண்டுமுறை சொன்னது நன்றாயிற்று. பத்தாம் நாளிலே, 'குணமே இல்லையே, நிறுத்திவிடலாமா' என்று அவள் என்னைக் கேட்டாள். ஏறக்குறைய நாலாம் கிழமையிலே ஒருநாள் காலை, தேநீருக்குச் சீனி போதாது என்று பிள்ளை குறைசொன்னான். தாய் அதனை என்னிடம் ஓடிவந்து சொன்னாள்.

பல்கலைக்கழகத்துக்கு மருத்துவச் சான்றிதழ் அனுப்பினோம். நோயுற்ற மாணவன் பரீட்சையைப் பின்னர் எழுதுதற்கு விதி இருக்கின்றது. அதனை அறியாமலே படிப்பைத் துறந்தவர் எத்தனை பேரோ! மாணவர் ஆலோசகராயிருந்த விரிவுரையாளர், அஞ்சியதற்கு மாறாக, பரிவுடையவராக இருந்தார். ஓராண்டு பிந்திப் பிள்ளை பட்டம் பெற்றான்.

நண்பன் சத்தியத்தை மீறியதை மட்டும் அவன் எளிதில் மன்னிக்கவில்லை. மூன்று மாதம் அவனோடு பேசாதிருந்தான். பின்பு எவ்வாறோ பேசிக்கொண்டனர். அது எனக்குச் சொல்லப்படவில்லை. தாய் மாரியம்மனுக்கு நேர்ந்த பொங்கலை வைத்தாள். வைத்தியருக்கு ஒரு பொதி தேயிலைத்தூள் கொடுத்தனுப்பினாள். கோடாங்கிக்கும் ஒரு சேவல் போயிற்று என்று பின்னர் அறிந்தேன். எவர்க்கு எவ்வளவு பங்கு என்று அவள் கணக்குப் பார்க்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு மட்டக்களப்புப் பையன் மலைக்கு வந்திருந்தான். குளிர் தாங்காமல் இரண்டு கம்பளிகளைப் போர்த்துக்கொண்டு அடுப்படியிலே அமர்ந்து, அவள் சுட்டுப்போட்ட ரொட்டியை உண்டுகொண்டிருந்தான். "இன்னும் ஒன்னு வச்சுக்க, ராசா" என்று அவள் வற்புறுத்திக்கொண்டிருக்க, அவளுடைய மகன் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தான்.